ஏழு நாள், இரண்டு பிள்ளைகள், ஒக்டோபர் மழை: மலையகத்தில் எங்கே கூட்டிப் போவது?

டிக்கோயா அக்கா
2024 செப்டம்பர் 14, இரவு 9.40

வணக்கம். லண்டனில் இருக்கிற தம்பி ஒக்டோபர் 27 ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை கட்டுநாயக்கவில் வந்து இறங்குகிறான். கூடவே பெண்சாதி, ஏழு வயது மகன், நாலு வயது மகள். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர் கால லீவு அந்த ஒரு கிழமைதான். நவம்பர் 4 திங்கட்கிழமை மகன் வகுப்பில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தாய் தகப்பனுக்குத் தண்டம் போடுவார்களாம். நடுவில் 31ஆம் திகதி தீபாவளி. சின்னவள் பிறந்ததிலிருந்து இங்கே வந்ததே இல்லை. முதலில் கொரோனா, பிறகு இங்கே பெற்றோல் வரிசை, பிறகு அவனுடைய வேலை. அம்மா அந்தப் பிள்ளையை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

தம்பி ஒரு எக்செல் தாள் அனுப்பியிருக்கிறான். அப்படியே எழுதுகிறேன். திங்கள் நுவரெலியா. செவ்வாய் எல்ல, ஒன்பது வளைவுப் பாலம். புதன் விடிய 4 மணிக்கு ஹோட்டன் சமவெளி. வியாழன் தீபாவளி, அதுவும் ‘காலையில் மட்டும்’. வெள்ளி சிவனொளிபாத மலை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “இவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறானா, தபால் கொடுக்க வருகிறானா?” என்று கேட்டார்.

சின்னவள் வாகனத்தில் ஏறினால் வாந்தி எடுப்பாள். அங்கே நேரான பாதையிலேயே எடுப்பாளாம், நம்முடைய வளைவுகளில் என்ன ஆகுமோ. தம்பி பெண்சாதி நல்ல பிள்ளை, ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். போன கிழமை, இரத்தம் உறிஞ்சுகிற அட்டை ஒன்றின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அக்கா, இது வீட்டுக்குள்ளேயும் வருமா?” என்று கேட்டாள்.

இன்னொன்று, சிரிக்க வேண்டாம். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு வேலை கொடுத்திருக்கிறார்கள்: இலையுதிர் காலத்து இலை ஐந்து, ஐந்து நிறத்தில் சேகரித்துக் கொப்பியில் ஒட்ட வேண்டும். இங்கே எந்த மரத்தில் இலையுதிர் காலம் வருகிறது? நான் முன்பள்ளி ஆசிரியை. என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் இலை என்றாலே பச்சை என்பார்கள்.

தங்குவதற்கு என் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. தம்பிக்கு ஒரு இரவாவது அம்மாவோடு லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) படுக்க ஆசை. அம்மாதான் வேண்டாம் என்கிறார். கக்கூஸ் வெளியே, மழை நேரம், மருமகள் என்ன நினைப்பாள் என்று வெட்கப்படுகிறார்.

சின்னப் பிள்ளைகளோடு ஒக்டோபர் கடைசியில் இந்தப் பக்கம் சுற்றியவர்கள் சொல்லுங்கள். அந்தத் தாளில் எதை வெட்டலாம், எதை வைக்கலாம்?


நானுஓயா வேன்
2024 செப்டம்பர் 14, இரவு 11.05

அக்கா, நான் 19 வருடமாக இந்த வீதிகளில் வேன் ஓட்டுகிறேன். உங்கள் தம்பியின் தாளைப் பார்த்ததும் எனக்கே தலை சுற்றியது. வெள்ளிக்கிழமையை முதலில் வெட்டுங்கள். சிவனொளிபாத மலை சீசன் மார்கழி போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. ஒக்டோபரில் படியில் லைட் இல்லை, தேத்தண்ணிக் கடை இல்லை, காற்றும் மழையும்தான். ஐயாயிரம் படிக்கு மேலே, நாலு வயதுப் பிள்ளையோடு! விடுங்கள்.

ஹோட்டன் சமவெளியும் வேண்டாம். நடை ஒன்பது கிலோமீட்டர் சுற்று. ஏழு வயதுப் பையன் பாதி நடப்பான், மற்றதை அப்பாவின் தோள் நடக்கும். வெள்ளென போகாவிட்டால், அங்கே ‘உலக முடிவு’ என்கிற மலை விளிம்பில் பனிமூட்டம்தான். வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களை நான் நிறைய ஏற்றி இறக்கியிருக்கிறேன். திரும்பும்போது யாரும் பேசமாட்டார்கள்.

இந்த மாதங்களில் நாள் பகல் ஒரு மணிக்கே முடிந்துவிடும் என்று நினைத்துத் திட்டம் போடுங்கள். ஒக்டோபர், நவம்பர் இரண்டு பருவ மழைகளுக்கும் நடுவில் வருகிற காலம். காலையில் கண்ணாடி மாதிரி வெளிக்கும், பன்னிரண்டுக்கு மேலே முகில் ஏறும், பிறகு இடியோடு கொட்டும். ஆறரைக்குப் புறப்பட்டு, ஒரே ஒரு இடம், ஒரு மணிக்கு ஒரு கூரைக்குக் கீழே. ஒரு நாளைக்கு இரண்டு இடம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது நானாக இருந்தாலும். இரண்டு இடம் என்றால் எனக்குக் காசு கூட.

வாந்திக்கு வருகிறேன். புறப்படும் முன் பால் கொடுக்க வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம், கிறீம் கிராக்கர் இரண்டு போதும். பின் சீட்டில் உட்கார வைக்கவே கூடாது. நடு சீட்டில், முன் கண்ணாடி வழியாக வீதி தெரிகிற மாதிரி வையுங்கள். போன் பார்க்கக் கொடுக்கக் கூடாது, பாதி வாந்தி போனில்தான் இருக்கிறது. கையில் ஒரு தேசிக்காயைக் கீறிக் கொடுங்கள், மணந்துகொண்டு வரட்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். ஏசி என்று மூடினால் முடிந்தது கதை. விமானத்திலிருந்து இறங்கிய அன்றைக்கு அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேன வழியாக வருவீர்கள், நாலரை ஐந்து மணித்தியாலம். கித்துல்கலையில் ஆற்றோரமாக நிறுத்தி அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். அதற்கு மேலேதான் வளைவுகள்.

எல்லவுக்கு ரயிலில் போகும் ஆசையை நான் உடைக்க மாட்டேன், கொஞ்சம் சுருக்குகிறேன். முன்பதிவு சீட் முப்பது நாளைக்கு முன்னே திறந்து கண் மூடித் திறக்கும்முன் போய்விடும். சீட் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு கதவடியில் நின்று எல்ல போவது பயணம் இல்லை, தண்டனை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது. ஹட்டனில் மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுத்து நானுஓயா வரைக்கும் வாருங்கள். ஹட்டன் ஸ்டேஷனை விட்டதுமே சிங்கமலை டனல். இலங்கை ரயில் பாதையில் அதுதான் நீளம், அரைக் கிலோமீட்டருக்கும் மேலே. பிள்ளைகள் கத்துகிற கத்தல் எதிரொலிக்கும். பிறகு கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டன். செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சியும் தெரியும். மேல் கொத்மலை அணை கட்டிய பிறகு அது மெலிந்துவிட்டது, ஆனால் ஒக்டோபர் மழையில் பழைய உடம்பு கொஞ்சம் திரும்பும். வேன் வீதியால் வந்து நானுஓயாவில் காத்திருக்கட்டும்.

போவது திங்களோ செவ்வாயோ இருக்கட்டும். 30ஆம் திகதி ரயிலைத் தொடவே வேண்டாம். கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற நம்முடைய பிள்ளைகள் எல்லோரும் தீபாவளிக்கு ஊர் திரும்புகிற நாள் அது.

கடைசியாக ஒன்று. மண்சரிவு எச்சரிக்கையை ஒவ்வொரு இரவும் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், அம்பர் என்றால் நான் வேனை எடுக்கமாட்டேன். மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போனதும் ஒரு ஒக்டோபர் 29 காலையில்தான், 2014இல். இந்த வருடத்தோடு பத்து வருடம். பயமுறுத்தச் சொல்லவில்லை.


சும்மா_ஒருவன்
2024 செப்டம்பர் 15, காலை 7.12

லயத்தைக் காட்டவா லண்டனிலிருந்து கூட்டி வருகிறீர்கள்? நல்ல ஹோட்டலில் போட்டு எல்லவைக் காட்டுங்கள். பிள்ளைகள் திரும்பிப் போய்ச் சொல்ல ஏதாவது வேண்டாமா?


டிக்கோயா அக்கா
2024 செப்டம்பர் 15, காலை 8.30

லயத்தைக் காட்ட வரவில்லை தம்பி, அப்பாயியைக் காட்ட வருகிறார்கள். அப்பாயி இருப்பது லயத்தில்.

நானுஓயா அண்ணன், உங்கள் பதிலை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். “இவர் யார், இவ்வளவு கோபமாக இருக்கிறார்?” என்று கேட்டான். பிறகு சிவனொளிபாத மலையை வெட்டிவிட்டான். ஹோட்டன் சமவெளி இன்னும் தாளில் இருக்கிறது, மஞ்சள் நிறத்தில்.


பண்டாரவளை அம்மா
2024 செப்டம்பர் 15, பகல் 2.20

ஹோட்டன் சமவெளிக்குப் பதிலாக அம்பேவலைப் பால் பண்ணை என்று சொல்லுங்கள், மஞ்சள் தானாக அழிந்துவிடும். என் இளையவளுக்கு நாலு வயதாக இருந்தபோது போனோம். மாடு, முயல், பெரிய காற்றாடிகள், குடிக்கப் பால். நான் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரே ஒரு முயலுக்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் குந்தியிருந்தாள். அந்த வயதுக்கு உலக முடிவு அவ்வளவுதான்.

அட்டையைப் பற்றிக் கேட்ட தம்பி பெண்சாதி பாவம். வீட்டுக்குள் தேடி வராது என்று சொல்லுங்கள். (வந்திருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டாம்.) ஈரப் புல்லில் இறங்கும்போது நீளமான காலுறை போட்டு, கால்சட்டை நுனியை அதற்குள் செருக வேண்டும். காலுறையின் மேல் காய்ந்த சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்து விடுங்கள். ஏறிவிட்டால் இழுத்துப் பிடுங்காமல் நகத்தால் வழித்துத் தள்ளுங்கள். கடித்த இடத்தில் இரத்தம் நிற்க நேரம் எடுக்கும், அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அழும். பிளாஸ்டர் ஒட்டி மறைத்துவிட்டால் அழுகை நிற்கும்.

குளிர் உடுப்பு லண்டனிலிருந்து வருகிறவர்களுக்குத் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். அங்கே வீட்டுக்குள் சூடு இருக்கிறது. இங்கே உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். நுவரெலியாவில் ஒரு தங்கும் விடுதியில் சுடுதண்ணீர் இருக்கிறது என்று சொல்லி முற்பணம் வாங்கினார்கள். போனால் இரவு எட்டு மணிக்கு ஒரு வாளி, நாலு பேருக்கு. அன்றிலிருந்து முற்பணம் கட்டும் முன் குழாயைத் திறந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அனுப்பாதவர்களிடம் போவதில்லை.

நுவரெலியாவில் நான் ஒரே ஒரு இடம் சொல்வதென்றால் ஹக்கல பூங்கா. 1861இல் மலேரியா மருந்துக்கு சிங்கோனா மரம் நட்ட தோட்டம் அது. பிள்ளைகள் ஓடிக் களைக்கும் அளவுக்கு இடம் இருக்கிறது. கையில் சாப்பாட்டுப் பை இருந்தால் குரங்கு பறித்துவிடும், அது மட்டும் கவனம். போகிற வழியிலேயே சீதா எலிய கோயில். பின்னால் ஓடுகிற ஆற்றுப் பாறையில் அனுமாரின் கால்தடம் என்று குழிகள் காட்டுவார்கள். ஏழு வயதுப் பையன்கள் எல்லோரும் அதில் தங்கள் காலை வைத்துப் பார்ப்பார்கள். கிரகரி வாவியில் அன்னப் படகு, குதிரை எல்லாம் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு ஏறுங்கள், இறங்கிய பிறகு கேட்காதீர்கள்.

அம்மா வெட்கப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் மாமியாரும் அப்படித்தான். பகலில் அங்கே, படுக்க உங்கள் வீட்டில் என்று வையுங்கள். தம்பி மட்டும் ஒரு இரவு அம்மாவோடு தங்கட்டும். அவனுக்குத்தானே ஆசை.

இலை விசயம் எனக்குத் தெரியவில்லை. இங்கே யாராவது தோட்டத்தில் வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.


பழைய கணக்கப்பிள்ளை
2024 செப்டம்பர் 16, காலை 5.50

இலை விசயம் என்றதும் எழுதத் தோன்றியது. 31 வருடம் மூன்று தோட்டங்களில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன்.

மகளே, உங்கள் மருமகனின் பாடத்தில் இலை சிவப்பது முதுமை. நம்முடைய மலையில் இலை சிவப்பது பெரும்பாலும் குழந்தைப் பருவம். மாந்தளிர் என்று பாட்டுகளில் பெண்களின் நிறத்துக்கு உவமை சொன்னவர்கள் இதைப் பார்த்துத்தான் சொன்னார்கள். மா துளிர்க்கும்போது செம்பு நிறம், பிறகுதான் பச்சை. கறுவாத் தளிரும் அப்படி, நாக மரமும் அப்படி. நாக மரம் துளிர்க்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் மரம் முழுக்கப் பூத்தது போல இருக்கும். ஹக்கல பக்கத்துக் காட்டை மேலிருந்து பார்த்தாலும் பச்சைக்கு நடுவே செந்திட்டுகள் தெரியும், அதில் பாதி பூ இல்லை, தளிர்.

அங்கே இலை சிவப்பதற்குக் காரணம் பகல் குறைவது. குளிரும் இருட்டும் வரப்போகிறது என்று மரம் பச்சையத்தை உடைத்துச் சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அடியில் இருந்த மஞ்சள் தெரிகிறது, சில மரங்கள் சிவப்பையும் புதிதாகச் செய்கின்றன. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. மரத்துக்கு யார் சொல்வது குளிர்காலம் வருகிறதென்று? நம் தளிர் சிவப்பது வேறு காரணத்துக்கு. இளம் இலை மெல்லியது, வெயிலும் பூச்சியும் முதலில் அதைத்தான் தாக்கும். அந்தச் சிவப்பு அதற்கு ஒரு காப்பு.

ஐந்து நிறம் வேண்டும் என்றால் கஷ்டமில்லை. தேயிலைக்குள் நிழலுக்கு நிற்கிற சவுக்கு (சில்வர் ஓக்) மரத்தின் இலை மேலே பச்சை, திருப்பினால் வெள்ளி. யூக்கலிப்டஸ் இலை விழும்போது செம்பழுப்பு. பழுத்த கொய்யா இலையில் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும். கறுவாத் தளிர் ரோஸ். தேயிலைக் கொழுந்து இளம்பச்சை. கீழே விழுந்ததை எடுக்கட்டும், தளிரை மட்டும் யாருடைய வளவிலாவது கேட்டு ஒன்று. பூங்காவில் பறிக்கக் கூடாது.

அந்த இலைகளை விமானத்தில் கொண்டு போக வேண்டாம். செடி, இலை என்றால் அங்கே சான்றிதழ் கேட்பார்கள். இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, கிரெயோனைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்பு எல்லாம் எழும்பி வரும். கொப்பியில் அதை ஒட்டட்டும்.

கொழுந்து மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் கங்காணியிடம் முதலில் கேளுங்கள். மருந்து அடித்த மலையாக இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பறிக்கிற பெண்களைப் படம் எடுப்பதற்கு முன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற நம்முடைய பிள்ளைகளே அதை மறந்துவிடுகிறார்கள். மத்தியானம் மடுவத்தில் (கொட்டகையில்) கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குப் போங்கள். அது சின்னப் பிள்ளைகளுக்குப் புரியும். தராசு, கூடை, சண்டை எல்லாம் இருக்கும். ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலைக்குள்) விடுவார்கள் என்றால் வாட்டுகிற தட்டுகளை மட்டும் காட்டினால் போதும், இயந்திரப் பக்கம் சத்தம். நாலரைக் கிலோ கொழுந்து காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது என்று சொல்லிப் பாருங்கள், மற்றதெல்லாம் எங்கே போனது என்று கேட்பார்கள்.


டிக்கோயா அக்கா
2024 நவம்பர் 9, இரவு 10.15

போன சனிக்கிழமை அனுப்பிவிட்டு வந்தேன். வீடு இப்போதுதான் சத்தமில்லாமல் இருக்கிறது. ஐயா, அண்ணன், பண்டாரவளை அம்மா, உங்களுக்கெல்லாம் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

தாளில் மிஞ்சியது இரண்டே இரண்டு பயணம்.

திங்கள் காலை ஹட்டனில் ரயில் ஏறினோம். சின்னவளுக்கு மட்டும் சீட் கிடைத்தது, அதுவும் ஒரு பெரியம்மா மடியில். டனலுக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கத்த, நம்முடையது இரண்டும் திகைத்துப் போய்ச் சும்மா நின்றன. வெளியே வந்த பிறகுதான், “அத்தை, இன்னொரு தடவை!” என்று பெரியவன் கேட்டான். ரயிலைத் திருப்பச் சொல்கிறான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு டனலிலும் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நானுஓயாவிலிருந்து அம்பேவலை. முயல் கதை அப்படியே நடந்தது, ஒரு கன்றுக்குட்டி கூடுதல். பகல் 1.10க்கு மழை. நாங்கள் வேனுக்குள் இருந்தோம். தம்பி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “அந்தக் கோபக்கார அண்ணன்” என்று மட்டும் சொன்னான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அம்மாவிடம். பயணம் என்று சொல்ல முடியாது, நடந்து போகிற தூரம். காலையில் சூன் பாண் ஆட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும் பெரியவன் வாசலுக்கு ஓடினான். அது அவன் பியானோ வகுப்பில் பழகுகிற மெட்டாம். லண்டனில் மாதம் மாதம் காசு கட்டிப் படிக்கிற பாட்டை இங்கே பணிஸ் விற்கிற ஆட்டோ பாடுகிறதே என்று தம்பி பெண்சாதி சிரித்து, இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார். அத்தோடு அந்த வெட்கம் போய்விட்டது. கக்கூஸுக்குக் குடை பிடித்துப் போவதுதான் சின்னவளுக்கு அந்தக் கிழமையின் பெரிய விளையாட்டு. தேவையே இல்லாமல் ஆறு தடவை போனாள்.

புதன் மத்தியானம் மடுவத்துக்குப் போனோம். கங்காணியிடம் முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். அம்மாவோடு முன்பு வேலை செய்த ஒரு அக்கா கூடையை இறக்கி, ஒரு பிடி கொழுந்தை எடுத்துப் பெரியவன் கையில் வைத்தார். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று எண்ணிக் காட்டினார். அவர் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. அவன் இலையைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தான். தராசில் ஏற்றிக் குறைத்துக் கழித்து எழுதினார்கள், ஐயா சொன்ன சண்டையும் நடந்தது. வருகிற வழியில், ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டான். 1,350 ரூபாய் என்றேன். அப்பாவின் போனை வாங்கிப் பவுணாக்கிப் பார்த்தான். மூன்றரை. “ஒரு மணித்தியாலத்துக்கா அத்தை?” என்றான். இல்லை கண்ணா, நாளைக்கு என்றேன். தம்பி எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான், திரும்பவில்லை.

தீபாவளிக்கு அம்மா நாலு மணிக்கே எழுப்பி எல்லோருக்கும் நல்லெண்ணெய் வைத்தார். லண்டன் மருமகள் தலையில் எண்ணெய் வழிய வழிய உட்கார்ந்து, “சுடுதண்ணீர் இருக்கிறதா அக்கா?” என்று என் காதில் கேட்டாள். அடுப்பில் அண்டா நிறைய இருந்தது. ஆட்டிறைச்சிக் குழம்பும் தோசையும் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் போய்விட்டார்கள். தம்பி அன்றிரவு அம்மாவோடு தங்கினான். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

வெள்ளி ஹக்கல. அட்டை ஏறியது பிள்ளைகளுக்கில்லை, என் தம்பிக்கு. சவர்க்காரம் பூசாதவன் அவன் ஒருவன்தான். வாந்தி முழுக் கிழமைக்கும் ஒரே ஒரு தடவை. அதுவும் நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரியும் கிறீமும் வாங்கிக் கொடுத்தது நான். தேசிக்காயை வீட்டில் மறந்து விட்டுப் போனதும் நான். நானுஓயா அண்ணன், உங்கள் வேனுக்கு ஆனதற்கு மறுபடியும் மன்னியுங்கள்.

இலை. ஐயா, நீங்கள் சொன்ன ஐந்தும் கிடைத்தது. கறுவாத் தளிர் பக்கத்து லயத்தில் கேட்டு வாங்கினோம். அம்மாவின் மேசையில் வைத்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேய்த்தான். சவுக்கு இலைக்கு வெள்ளி நிற கிரெயோன் இல்லை, சொக்லட் சுற்றிய தாளை வெட்டி ஒட்டினான். சிவப்புத் தளிருக்குக் கீழே ‘இது புதிய இலை’ என்று எழுதினான். நேற்று வாட்ஸ்அப்பில் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆசிரியை மற்ற நாலுக்கும் சரி போட்டிருக்கிறார். சிவப்புக்கு மட்டும் ஒரு கேள்விக்குறி. திங்கட்கிழமை வகுப்பில் எழும்பி நின்று விளக்கம் சொல்ல வேண்டுமாம். அந்தப் பச்சையம் உடைகிற கதையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்கிறான். ஐயா, கொஞ்சம் உதவி செய்வீர்களா?


பழைய கணக்கப்பிள்ளை
2024 நவம்பர் 10, காலை 5.35

எழுதிக்கொண்டிருக்கிறேன் மகளே. மதியத்துக்குள் அனுப்புகிறேன். பையன் எந்த வகுப்பு? அதற்கேற்ற மாதிரி எழுத வேண்டும்.


நானுஓயா வேன்
2024 நவம்பர் 10, காலை 6.20

சீட் கவர் காய்ந்துவிட்டது அக்கா, கவலை வேண்டாம். ஸ்ட்ரோபெரி மணம்தான் இன்னும் போகவில்லை. நேற்று ஏறிய ஒரு வெள்ளைக்கார அம்மா நல்ல வாசனை என்று சொன்னார். அடுத்த தடவை ஏப்ரலில் கூட்டி வருவதாக உங்கள் தம்பி வேனுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஏப்ரல் நுவரெலியா சீசன், வேன் நகராது. ஓகஸ்ட் பாருங்கள்.